“ஸ்கேன் பண்ணியாச்சு” என்றால் என்ன அர்த்தம்? கோலாலம்பூரின் நில அமிழ்வும் நிலத்தடிப் படங்களும்

நிலத்துக்குள் மின்சாரம் எங்கே எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து வரையும் மின்தடைப் படத்தில் காற்று அடைத்த பொந்தும் கெட்டிச் சுண்ணாம்புப் பாறையும் ஒரே சிவப்பில்தான் தெரியும். அதே பொந்தில் தண்ணீர் நிரம்பிவிட்டால் நிறம் நீலத்துக்கு மாறும். பக்கத்திலுள்ள ஈரக் களிமண்ணும் நீலம்தான் என்பதால் பொந்து அதோடு கலந்து மறைந்துவிடும். இந்த ஒரு செய்தி தெரிந்தவர்களுக்கு, கோலாலம்பூரில் அடிக்கடி காதில் விழும் “ஸ்கேன் பண்ணியாச்சு லா, இனி பயமில்லை” என்ற பேச்சு அவ்வளவு ஆறுதலாக இருக்காது.

2024 ஆகஸ்ட் 23 காலை, ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் சுமார் 8 மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். கழிவுநீர்க் குழாய்களுக்குள் முக்குளிப்பாளர்களை இறக்கி, கேமரா விட்டு, நிலம் ஊடுருவும் ரேடாரையும் கொண்டுவந்து 9 நாள் தேடினார்கள். அவர் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 31 அன்று தேடல் நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் 28ஆம் தேதி, முதல் குழியிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி விழுந்தது. என்னைப் பொறுத்தவரை தொழில்நுட்ப ரீதியில் அதிகம் யோசிக்க வைப்பது இந்த இரண்டாவது குழிதான். நாடே அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் அது விழுந்தது.

அந்தத் தெரு நமக்குப் புதிதல்ல. 1863இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய தெரு. அங்கே வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் நடக்கிறது. சேலை, நகை, பூ, பலகாரம் என்று தீபாவளிக்கு முன் தோளோடு தோள் உரசி நடக்கும் இடம். குழி விழுந்தபோது தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் அந்த ஆண்டு வியாபாரம் படுத்துவிட்டதாகக் கடைக்காரர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். “எங்கள் கடை வாசல் தாங்குமா?” என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதற்குக் கருவிகள் என்ன பதில் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பத்துமலையின் நிலத்தடி உறவுகள்

தைப்பூசத்துக்கு 272 படி ஏறும் பத்துமலை, நிலத்துக்கு மேலே தெரியும் சுண்ணாம்புப் பாறை. அதே பாறை வகை நகரத்துக்குள் வண்டலுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் மறைந்து கிடக்கிறது. புவியியலாளர்கள் இதைக் கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல் என்கிறார்கள். சிலூரியன் காலத்தைச் சேர்ந்தது, அதாவது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. பத்துமலையில் நாம் குகையாகப் பார்ப்பது நிலத்தடியில் பொந்தாகவும் பிளவாகவும் இருக்கிறது. பாறையின் மேற்பரப்பும் சமமாக இல்லை. கோபுரம் கோபுரமாக எழும்பி, இடையிடையே கிணறுபோல் இறங்கும். ஒரு இடத்தில் துளையிட்டால் 5 மீட்டரில் பாறை தட்டும், சில அடி தள்ளித் துளையிட்டால் 30 மீட்டரிலும் தட்டாது.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம். முதலில் தேர்ந்த இடத்தில் பாறை ஒரு பக்கம் மேலேயும் இன்னொரு பக்கம் ஆழத்திலும் இருந்ததால், கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். புதிய இடத்தில் அடித்தூண்கள் பாறையைத் தொடவில்லை. மண்ணோடு உராய்ந்தே எடையைத் தாங்குமாறு, 100 மீட்டரையும் தாண்டிச் சில தூண்களை இறக்கினார்கள். கோபுரத்துக்கு அந்த அளவு ஆராய்ச்சி செய்யப் பணம் இருந்தது. பக்கத்துச் சாலைக்கு யார் செய்வார்கள்?

இதற்கு மேல் ஈயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியவர்கள் சுண்ணாம்புப் பாறைக்கு மேலிருந்த வண்டலைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து எடுத்தார்கள். ஈயத்தைப் பிரித்தபின் மணலையும் சேற்றையும் வந்தபடி கொட்டினார்கள். நகரம் விரிந்தபோது அந்தக் குட்டைகளில் சில பூங்காவாகவும் உல்லாச விடுதியாகவும் ஆயின. மற்றவை தூர்க்கப்பட்டு அவற்றின் மேல் வீடும் சாலையும் வந்தன. ஆக, பல இடங்களில் சாலைக்கடியில் இருப்பது இயற்கையாகப் படிந்த மண்ணே கிடையாது. கலைத்துப் போட்ட மண். நிலத்தடிப் படத்தைப் படிப்பவருக்கு இது பெரிய தலைவலி. கலைந்த மண் என்பது எங்கு பார்த்தாலும் “வித்தியாசமாக”த் தெரியும் மண்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிட வேண்டும். மழைநீர் பாறையைக் கரைத்ததால்தான் நேற்றிரவு சாலை விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் கரைவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் வேலை. ஒரு சாலையின் ஆயுளுக்குள் நகர்வது மண்தான். பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் பொந்துக்குள் மேலிருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் மேலும் கீழுமாக ஆடும்போது அந்த இறக்கம் வேகமாகும். பாறைக்கு நேர் மேலே இப்படித் தளர்ந்து போன மண் அடுக்கு கோலாலம்பூர்ப் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. துளையிடும்போது கருவி தன் எடையிலேயே புதைந்து போகும் அளவுக்கு மெத்தென்று இருக்கும்.

பக்கத்தில் ஆழமான அடித்தளத்துக்காகத் தண்ணீரை இறைத்தாலோ, சுரங்கம் தோண்டினாலோ நீர்மட்டம் ஆடும். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கம் தோண்டியபோதே சாலைகளில் குழிகள் விழுந்திருக்கின்றன. பின்னால் வந்த எம்ஆர்டி ரயிலின் கஜாங் தடத்தின் சுரங்கப் பகுதிக்கு, பாறையும் சேறும் மாறி மாறி வரும் இந்த நிலத்துக்கென்றே அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் சேற்றுக்கலவையைக் கொண்டு சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை உருவாக்கிக் கொண்டுவந்தார்கள். உலகில் முதன்முறையாக அந்த வகை இயந்திரம் வேலை செய்தது இங்கேதான்.

குழி விழும் இன்னொரு வழிக்குப் பாறையே தேவையில்லை. பழைய கழிவுநீர்க் குழாயில் மூட்டு விலகுகிறது, அல்லது குழாய் அரித்து ஓட்டை விழுகிறது. மழை நாளில் சுற்றியுள்ள மண்ணைத் தண்ணீர் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகிறது. போன மண் திரும்புவதில்லை. குழாய்க்கு மேல் உருவாகும் வெற்றிடம் மெல்ல மேலே ஏறிவரும். மேலே தார் மட்டும் பிடித்து நிற்கும், உள்ளே கரையான் தின்று தீர்த்தபின்னும் பெயிண்ட் பளபளக்கும் நிலைக்கதவு மாதிரி. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மண் அரித்துச் செல்லத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் சேரவும் செய்யும். உடைந்த குழாயின் தண்ணீர் கீழேயுள்ள பொந்துக்கு மண்ணைத் தள்ளிவிடும்.

கருவியைத் தேர்வதற்கு முன்பே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குழாய் அரிப்பு 2 மீட்டரில் தேட வேண்டியது. பாறைப் பொந்து 15 மீட்டரில்.

ரேடார்: வேகமானது, ஆனால் எட்டாதது

சாலையில் குழந்தை வண்டிபோல் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நிலம் ஊடுருவும் ரேடார். மேலிருந்து ரேடியோ அலையை அனுப்புகிறது. அடியில் ஏதாவது மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பதை நானோ நொடிகளில் அளக்கிறார்கள். குழாய் இருந்தால் படத்தில் கவிழ்த்த வளைவு போல் ஒரு கோடு வரும். காற்று நிறைந்த வெற்றிடத்தின் கூரையில் அலை வலுவாகவும், குறி தலைகீழாகவும் திரும்பும். அனுபவசாலிகள் முதலில் தேடுவது இந்தத் தலைகீழ்க் குறியைத்தான்.

நேரம்தான் அளக்கப்படுகிறது, ஆழம் கணக்கிடப்படுகிறது. காற்றில் இந்த அலை ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். ஈரக் களிமண்ணில் 7 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் போகும். ஓர் அலை 30 நானோ நொடியில் திரும்பினால், ஈரமண் வேகத்தில் அந்தப் பொருள் சுமார் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதையே காய்ந்த மண் என்று நினைத்து 10 சென்டிமீட்டர் வேகம் வைத்துக் கணக்குப் போட்டால் 1.5 மீட்டர் என்று வரும். அரை மீட்டர் பிசகு. தோண்டும் எந்திரத்துக்கு எரிவாயுக் குழாயை உடைக்க அது போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் களிமண். மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் எந்த மண்ணும் ரேடார் அலையை விழுங்கிவிடும். காய்ந்த மணலில் பல மீட்டர் பார்க்கும் கருவி, நம் ஊர் ஈரக் களிமண்ணில் ஒன்று, ஒன்றரை மீட்டரிலேயே மூச்சு வாங்கும். அலைவரிசையைக் குறைத்தால் இன்னும் ஆழம் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். ஆனால் 400 மெகாஹெர்ட்ஸில் ஈரமண்ணுக்குள் 17 சென்டிமீட்டர் இருக்கும் அலைநீளம், 100 மெகாஹெர்ட்ஸில் 70 சென்டிமீட்டர் ஆகிவிடும். சின்னப் பொந்து எதுவும் கண்ணில் படாது. கான்கிரீட் தளத்தில் கம்பி வலை இருந்தால் அதற்குக் கீழே பார்ப்பதும் பெரும்பாடு.

ஜப்பான் இதை நன்றாக அறிந்த நாடு. அங்கே வாகனத்தில் ரேடாரைப் பொருத்திச் சாலைகளை வழக்கமாகவே பரிசோதிக்கிறார்கள். அப்படியிருந்தும் 2025 ஜனவரி 28 அன்று சைதாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் சாலை உடைந்து ஒரு லாரி உள்ளே போனது. ஓட்டுநர் உயிரிழந்தார். அங்கே பழுதானது ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் போகும் பெரிய கழிவுநீர்க் குழாய். சாலை ரேடார் எட்டும் ஆழம் ஒன்றரை, இரண்டு மீட்டர். பரிசோதனை நடக்கவில்லை என்று அங்கே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பரிசோதனையின் கை அந்த ஆழத்துக்கு நீளாது.

அதனால் ரேடார் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. தாருக்கு நேர் கீழே வந்துவிட்ட வெற்றிடத்தைக் கண்டுபிடிக்க அதைவிட வேகமான கருவி இல்லை. ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓட்டிவிடலாம். ஆனால் “ரேடாரில் ஒன்றும் தெரியவில்லை” என்ற அறிக்கை வந்தால், எத்தனை மீட்டர் வரை தெரிந்தது என்ற எண்ணும் அதே வரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அறிக்கையே இல்லை.

மின்தடைப் படமும் ஒரு பினாங்குக்காரரும்

ஆழமாகப் போக வேண்டுமென்றால் மலேசியாவில் முதலில் எடுப்பது ரெசிஸ்டிவிட்டி என்று களத்தில் சொல்லப்படும் மின்தடை அளவை. நீளமான கேபிளில் வரிசையாக மின்முனைகளை நட்டு, இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, வேறு இரண்டுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். மின்முனைகளின் இடைவெளியை அகட்ட அகட்ட, மின்னோட்டம் ஆழமாகப் போகும். நூற்றுக்கணக்கான அளவுகள் சேர்ந்தபின் கணினி ஒரு குறுக்குவெட்டுப் படத்தை வரையும்.

கணினி செய்யும் அந்த வேலையில் பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. பினாங்கில் வாழ்ந்து வேலை செய்த எம்.எச். லோக், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆர்.டி. பார்க்கருடன் சேர்ந்து 1996இல் வெளியிட்ட கணக்கு முறை, அதுவரை மணிக்கணக்கில் ஓடிய வேலையைச் சாதாரணக் கணினியில் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. அவர் எழுதிய ரெஸ்டூடின்வ் மென்பொருள் ஆப்பிரிக்காவில் கிணறு தேடுபவரிடமும் இருக்கிறது, ஐரோப்பாவில் குப்பைமேட்டு நச்சு கசிகிறதா என்று பார்ப்பவரிடமும் இருக்கிறது. உலக அளவில் இந்தத் துறையில் ஒரு மலேசியரின் பெயர் தெரியாத மாணவர் கிடையாது. நம் ஊர்ச் செய்தித்தாள்கள் இதைச் சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மென்பொருள் செய்வது என்ன என்பதைப் புரிந்துகொண்டால்தான் படத்தை அளவோடு நம்ப முடியும். மேலே எடுத்த அளவுகளுக்குப் பொருந்தும் நிலத்தடி அமைப்பு ஒன்றே ஒன்று என்று இல்லை. எண்ணற்றவை பொருந்தும். அவற்றில் மிக மழமழப்பாக மாறும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் வழக்கமாகக் கணக்கு ஓட்டுகிறார்கள். இயற்கையில் கூர்மையான விளிம்புள்ள பொந்து, படத்தில் நிறம் கசிந்த மேகமாக வரும். உண்மையில் 2 மீட்டர் அகலம், படத்தில் 5 மீட்டர். பிழை விகிதம் 3 விழுக்காடுதான் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அளவுகளோடு அந்த அமைப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. நிலத்தோடு பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது.

எண்களையும் பார்த்துவிடுவோம். ஈரக் களிமண்ணின் மின்தடைத் திறன் பெரும்பாலும் 100 ஓம்-மீட்டருக்குக் கீழே. விரிசலற்ற சுண்ணாம்புப் பாறை ஆயிரங்களில் போகும். காற்று கிட்டத்தட்ட மின்சாரத்தையே விடாது. எனவே படத்தில் ஆழத்தில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தால் அது பாறைக் கோபுரத்தின் உச்சியாகவும் இருக்கலாம், வெற்றுப் பொந்தாகவும் இருக்கலாம். நீலத் திட்டு என்றால் களிமண், தண்ணீர் நிரம்பிய பொந்து, கழிவுநீர் ஊறிய மண், ஓர் இரும்புக் குழாய், எதுவாகவும் இருக்கலாம். நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் குழப்பம் பாதி குறையும். அதற்குக் கீழே காற்றுப் பொந்து நிற்பது அரிது என்பதால் சிவப்பைப் பாறை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

நகரத்துக்குள் இந்த அளவையை எடுப்பதே ஒரு போராட்டம். கோட்டின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் பார்க்க முடியும் என்பது தோராயக் கணக்கு. 20 மீட்டர் ஆழம் வேண்டுமென்றால் 100 மீட்டருக்கு நேர்கோடு வேண்டும். மஸ்ஜிட் இந்தியா மாதிரித் தெருவில் கடையும் தூணும் வண்டியும் இல்லாத 100 மீட்டரை எங்கே தேடுவது? தாரில் மின்முனை இறங்காது. துளை போட்டு இறக்க வேண்டும், அல்லது உப்புநீரில் நனைத்த பஞ்சின் மேல் உலோகத் தகடு வைக்க வேண்டும். அடியில் போகும் இரும்புக் குழாயும் கேபிளும் மின்னோட்டத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கோட்டில் எடுக்கும் படம், கோட்டின் இரு பக்கமும் நிலம் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. கோபுரமும் கிணறுமாகக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு அந்த அனுமானம் சுத்தமாகப் பொருந்தாது. பக்கவாட்டில் 4 மீட்டர் தள்ளியிருக்கும் பாறை, கோட்டுக்கு நேர் கீழே இருப்பதுபோல் வந்து நிற்கும். பல இணைகோடுகள் எடுத்து முப்பரிமாணமாகக் கணக்கிடுவதே இதற்கு மருந்து. செலவும் இரவு நேர சாலை அடைப்பும் அதற்கேற்பக் கூடும். ஒரே கோட்டை வைத்துக்கொண்டு “பொந்து இங்கே” என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும் விளக்கப்படங்களை நான் நம்புவதில்லை.

எடையும் அதிர்வும்

பொந்து இருக்கும் இடத்தில் மண் இல்லை. மண் இல்லாவிட்டால் அங்கே புவி ஈர்ப்பு நூலளவு குறையும். அதை அளப்பதுதான் நுண்ணீர்ப்பு முறை. எவ்வளவு குறையும்? 2 மீட்டர் ஆரமுள்ள உருண்டையான வெற்றுப் பொந்தின் மையம் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள மண்ணின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரு மடங்கு. அப்படியென்றால் நேர் மேலே ஈர்ப்பு சுமார் 18 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறையும். புவி ஈர்ப்பில் ஐந்து கோடியில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இன்றைய கருவிகள் 5 மைக்ரோகால் அளவுக்கு நம்பகமாக அளக்கும் என்பதால் இதைப் பிடித்துவிடலாம். அதே பொந்து 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால் குறைவு 4.5 மைக்ரோகால்தான். கருவியின் தடுமாற்றத்துக்குள்ளேயே மறைந்துவிடும். கருவியை வைக்கும் உயரத்தில் 1 சென்டிமீட்டர் பிசகினாலே 3 மைக்ரோகால் மாறும். பக்கத்துக் கட்டடத்தின் எடையையும் நிலவறை வாகன நிறுத்தத்தின் வெற்றிடத்தையும் கணக்கில் கழிக்க வேண்டும். பேருந்து போகாத நள்ளிரவில்தான் வேலை நடக்கும்.

இவ்வளவு தொல்லைக்கும் ஒரு பலன் உண்டு. மின்தடைப் படத்தில் குழப்பிய சிவப்புத் திட்டை இந்த முறை பிரித்துக் காட்டிவிடும். பாறை கனமானது, பொந்து வெறுமையானது. மின்தடையும் அதிகம், ஈர்ப்பும் அதிகம் என்றால் பாறை. மின்தடை அதிகம், ஈர்ப்பு குறைவு என்றால் அங்கே துளையிடத் தகுந்த காரணம் இருக்கிறது. இரண்டு கருவிகளின் பலவீனங்கள் வேறு வேறாக இருப்பதால்தான் அவற்றைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே பலவீனமுள்ள இரண்டு கருவிகளால் ஒரு பயனும் இல்லை.

மேற்பரப்பு அலை அளவை இன்னும் எளிது. தரையில் தகடு வைத்துச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக வைத்த ஜியோஃபோன்களில் அதிர்வு எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது. மெத்தென்ற மண்ணில் அலை மெதுவாகப் போகும், இறுகிய மண்ணில் வேகமாகப் போகும். இந்த முறையால் பொந்தைப் பார்க்க முடிவது அரிது. ஆனால் பொந்து வரப்போகும் இடத்தை, அதாவது பாறைக்கு மேல் தளர்ந்துபோன அந்த மண் அடுக்கைக் காட்டும். என் கணிப்பில் கோலாலம்பூருக்கு அதிகம் உதவக்கூடியது இதுவே. பொந்து நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. மேலே ஏறிக்கொண்டே போகும். மண் தளர்வு அப்படியில்லை, அது நீண்ட காலத் தடயம். நுண்ணீர்ப்பு அளவையைக் கெடுக்கும் வாகனப் போக்குவரத்து இதற்குப் பயன்படவும் செய்கிறது. சம்மட்டிக்குப் பதில் லாரிகளின் அதிர்வையே கேட்டுப் படம் வரையும் முறை நகரங்களில் இப்போது பரவிவிட்டது.

செயற்கைக்கோளிலிருந்து நிலம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மெல்ல இறங்கும் இடங்களுக்கு அது நல்லது. தார் பாலம்போல் பிடித்து நின்று ஒரு நொடியில் உடையும் குழிக்கு முன்னறிவிப்பு அவ்வளவாக இருக்காது.

துளை, குழாய்க் கேமரா, பழைய வரைபடம்

எந்தப் படமானாலும் கடைசியில் துளை போட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். துளையிடுவதற்கும் அபாயம் உண்டு. தண்ணீர் பீய்ச்சித் துளைத்தால் தொங்கிக்கொண்டிருக்கும் மண் அப்போதே விழலாம். கண்மூடித்தனமாகப் பத்து மீட்டருக்கு ஒன்று என்று துளைப்பதைவிட, படம் காட்டிய சந்தேக இடங்களில் மட்டும் துளைப்பது மலிவு. புவி இயற்பியல் படத்தின் உண்மையான பயன் அதுதான். எங்கே துளைக்கலாம் என்று அது சொல்லும். துளைத்துப் பார்த்ததை மீண்டும் கணக்குக்குள் கொடுத்தால் படமும் திருந்தும். இந்தத் திருப்பிக் கொடுக்கும் வேலைக்குப் பல ஒப்பந்தங்களில் பணமே ஒதுக்குவதில்லை என்பது களத்தில் எல்லாரும் அறிந்த ரகசியம்.

வெற்றிடம் கிடைத்துவிட்டால் சிமெண்ட் பால் ஏற்றி நிரப்புவார்கள். உடைந்த குழாயைச் சரிசெய்யாமல் நிரப்பினால், தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடிக்கொள்ளும். அதனால் ஆழமில்லாத குழிகளைப் பொறுத்தவரை, ரேடாருக்கும் முன்னால் குழாய்க்குள் கேமரா விடுவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். மண் எங்கே போயிற்று என்பதை மேலிருந்து ஊகிப்பதைவிட, போன வழியிலேயே நுழைந்து பார்த்துவிடலாம். குழாய்க்குள் மணல் குவிந்திருந்தால் அந்த மணல் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

குழாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே. நில அளவை, வரைபடத் துறையான ஜுபெம், நிலத்தடிப் பயன்பாட்டுத் தடங்களுக்கென ஒரு தேசியத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதில் தகவலுக்கு ஏ முதல் டி வரை தரம் உண்டு. டி என்றால் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்தது. ஏ என்றால் தோண்டி, கண்ணால் பார்த்து அளந்தது. நகர மையத்தில் நூற்றாண்டு பழமையான தெருக்களில் எந்தத் தரம் அதிகம் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ரேடார் படத்தில் வரும் ஒரு வளைவு உயிருள்ள குழாயா, கைவிடப்பட்டதா என்று சொல்ல இந்தப் பதிவேடு இல்லாமல் முடியாது.

பினாங்குத் தீவில் கதையே வேறு. அங்கே அடியில் இருப்பது கிரானைட். குகை கிடையாது. ஜார்ஜ்டவுனில் சாலை உள்வாங்கினால் சந்தேகம் நேராகக் குழாய், வடிகால், கடலைத் தூர்த்த மண் ஆகியவற்றின் மேல் விழ வேண்டும். கடலோரம் உப்புநீர் ஏறிய மண்ணில் ரேடார் அலை உடனே இறந்துவிடும். மின்தடைப் படமும் எங்கும் நீலமாகவே வரும். அங்கே மேற்பரப்பு அலையும் குழாய்க் கேமராவுமே கைகொடுக்கும். கோலாலம்பூரில் எடுபட்டது என்று அதே கருவிப் பட்டியலைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் ஏலம் விட்டால், பணம் போகும், பதில் வராது.

கடை வாசல் தாங்குமா என்று கேட்டவர்களுக்கு ஒற்றைப் படத்தை வைத்துப் பதில் சொல்வது கடினம். இரண்டாவது படம் வந்தால் சொல்லலாம். அதே கோட்டில் ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் அலைவேகம் குறைந்திருந்தால், மண் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே குழப்பத்துக்கு இடமில்லை, ஏனென்றால் பாறையும் பழைய குழாயும் இரண்டு படங்களிலும் ஒன்றாகவே இருக்கும். அப்படி ஒப்பிட வேண்டுமானால், ஜியோஃபோனும் மின்முனையும் வைத்த புள்ளிகளைச் சாலையோரத்தில் ஆணி அடித்துக் குறித்திருக்க வேண்டும். முதல் முறை ஜூன், ஜூலையின் குறைந்த மழையில் எடுத்திருந்தால், இரண்டாம் முறை நவம்பர் மழையில் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், களத்தில் அளந்த எண்களை அப்படியே ஒப்படைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் அலுவலகக் கோப்பில் மிஞ்சுவது வண்ணப்படம் ஒட்டிய பிடிஎஃப் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கையும் மறுபடி ஓட்ட முடியாது.